காக்கைக் கூட்டத்துக்குத் தனிப்பெயர் உண்டா?

அன்புள்ள ஐயா,
பட்டர்வொர்த்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். ஆங்கிலத்தில் விலங்குக் கூட்டங்களுக்குத் தனித்தனிப் பெயர் இருக்கிறதே, தமிழிலும் அப்படிப் பட்டியல் உண்டா? அப்புறம், ‘ஆடின் கால்’, ‘குரங்குகள் வந்தது’ என்றே எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?
- ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

பட்டியலைத் தேடி அலையாதீர்கள். காக்கைக் கூட்டத்தைக் ‘கொலை’ (மர்டர்) என்பதெல்லாம் வேட்டைக்குப் போன ஆங்கிலேயப் பிரபுக்களின் பேச்சு. 1486இல் அச்சான வேட்டை நூலில் அந்த வரிசை இருக்கிறது. நமக்குக் கூட்டம், மந்தை, எறும்புக்குச் சாரை, பழைய பாட்டில் பசுவுக்கு நிரை. போதுமே.

தமிழ் வாரி இறைத்திருப்பது குட்டிகளின் பெயரில்தான். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பதை அடுக்குகிறது தொல்காப்பிய மரபியல். எதற்கு எது என்றும் பிரித்துச் சொல்கிறது. பசுவோடு யானை, குதிரை, கழுதைக்கும் அங்கே கன்றுதான். இன்று ‘கழுதைக்கன்று’ என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பே சிரிக்கும்! ‘யானைக்குட்டி’ என்று எழுதும் பிள்ளைக்கு நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

‘ஆடின்’ என்பதற்குச் சூத்திரம் வேண்டாம், வாயால் கேளுங்கள். வீட்டில் ஆட்டுக்கால் சூப் குடிக்கிற பிள்ளை ‘ஆடுக்கால்’ என்று ஒருநாளும் சொல்லாது. அந்த ‘ஆட்டு’வோடு ‘இன்’ சேர்த்தால் ஆட்டின். மாடும் அப்படியே. பாம்பு, குரங்குக்கு இந்த இரட்டிப்பு இல்லை: பாம்பின், குரங்கின். மீன் தலை, கோழி முட்டைக்கோ ‘இன்’னே தேவையில்லை.

‘குரங்குகள் வந்தது’தான் உண்மையான பிழை. பேச்சில் ‘குரங்குங்க வந்துச்சு’ என்பதால் எழுத்திலும் நுழைகிறது. அஃறிணைக்குக் ‘கள்’ போட்டே ஆக வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்லவில்லை. ‘குரங்கு வந்தன’ என்றாலே பல குரங்குதான், வினை காட்டிக் கொடுத்துவிடும். மலாயிலும் ‘டுவா எக்கோர் மோஞெட்’ (இரண்டு குரங்கு) என்று எண் வந்துவிட்டால் பன்மைக்காகப் பெயரை இரட்டிப்பதில்லை. பிள்ளைகளுக்கு அது பழகிய சங்கதி, அதிலிருந்தே தொடங்குங்கள். பினாங்குத் தண்ணீர்மலைப் பக்கம் பூங்காவில் பார்த்ததை எழுதச் சொல்லி, ‘ஐந்து குரங்கு பையைப் பிடுங்கின’ என்று வந்தால் விட்டுவிடுங்கள். ‘ஐந்து குரங்குகள் பிடுங்கியது’ என்று வந்தால் மட்டும் சிவப்புப் பேனாவை எடுங்கள்.