கேளுங்கள், சொல்கிறேன்: கோயில் மணிக்கு என்ன இங்கிலீஷ்?

கேள்வி: நூலகத்தில் எடுத்த ஆங்கிலப் புத்தகத்தில் 'டின்டினாப்யுலேஷன்' என்று ஒரு சொல் வந்தது. அகராதியில் 'மணியோசை' என்று இருக்கிறது. கல்லூரி மலருக்கு மீனாட்சியம்மன் கோயில் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறேன். கோயில் மணிக்கு இதைப் போடலாமா, ஐயா?
– கல்லூரி மாணவி, திருமங்கலம்

பதில்: வேண்டாம்மா. நல்ல சொல்தான், ஆனால் இடம் அதுவல்ல.

முதலில் உச்சரிப்பு: டின்-டி-நாப்-யு-லே-ஷன். அழுத்தம் 'லே'யில். லத்தீனில் 'டின்டினாபுலம்' என்றால் சிறு மணி. கண்ணேறு படாமலிருக்க ரோமானியர்கள் வாசலில் தொங்கவிட்ட மணிக்கொத்துக்கும் அதே பெயர். ஆக, ஒற்றைப் பெரிய மணி 'கணீர்' என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சின்ன மணிகள் பல சேர்ந்து விடாமல் கிணுகிணுப்பதுதான் இது.

சொல்லைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போ. 1849-ல் அவர் இறந்த கொஞ்ச நாளில் அச்சேறிய 'தி பெல்ஸ்' கவிதையில் நான்கு பகுதி. பனிச்சறுக்கு வண்டிக்கு வெள்ளி மணி, கல்யாணத்துக்குப் பொன் மணி, தீ விபத்துக்கு வெண்கல மணி, சாவுக்கு இரும்பு மணி. மனிதர் இந்தச் சொல்லை வண்டி மணிக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறார். தீ மணி 'க்ளாங்' என்கிறது, சாவு மணி 'டோல்' என்கிறது.

நம்ம பக்கம் இதற்குப் பொருத்தம் பாலமேட்டுக் காளையின் கழுத்துச் சலங்கை. தோல் பட்டையில் வரிசையாகக் கோத்திருப்பார்கள். காளை நடந்தால் ஒரு சத்தம், தலையைச் சிலுப்பினால் வேறு சத்தம். நின்ற பிறகும் ரெண்டு மணி மட்டும் கிணுங்கி அப்புறம்தான் அடங்கும். ஜல்லிக்கட்டு பற்றி எழுதும்போது தாராளமாகப் போடுங்கள், அதுவும் ஒரே ஒரு தடவை. செல்போன் சத்தத்துக்குப் போட்டால் கேலியாகிவிடும்.

கோயில் மணிக்கு 'ரிங்' போதும். அழகாக இருக்கிறதே என்று 'டோல்' போட்டுவிடாதீர்கள். இடைவெளி விட்டு நிதானமாக அடிப்பது அது. நமக்குத் தெருவில் சேகண்டிச் சத்தம் கேட்டால் எப்படியோ, ஆங்கிலேயர்களுக்கு அப்படி. கும்பாபிஷேக அழைப்பிதழிலேயே அதை அச்சடித்தவர்கள் உண்டு!

'பீல்' என்பது பல மணிகள் சேர்ந்து முழங்குவது. இங்கிலாந்து தேவாலயங்களில் ஆளுக்கொரு கயிறு பிடித்து, அடிக்கும் வரிசையை மாற்றிக்கொண்டே போவார்கள். ஏழு மணிகள் என்றால் 5,040 வரிசை. ஒன்றுகூட இரண்டாம் முறை வரக்கூடாது. முடிக்கச் சுமார் 3 மணி நேரம் ஆகும், நடுவில் ஆள் மாறவும் கூடாது. கை என்னத்துக்கு ஆகும்!

கேள்வி: எங்கள் ஊர்க் கருப்பு கோயிலில் நேர்த்திக்கடனாகக் கட்டிய வெண்கல மணி கீறல் விட்டு 'டப் டப்' என்கிறது. பற்ற வைக்கலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: பழைய நாதம் வருவது சிரமம். மணி வெண்கலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வெள்ளீயம், மிச்சம் செம்பு. நாதம் அதனால்தான், சட்டென்று விரிசல் விடுவதும் அதனால்தான். லண்டன் பிக் பென் மணியே 1859-ல் விரிசல் விட்டது. கொஞ்சம் திருப்பி வைத்து, சுத்தியலை இலேசாக்கி, இன்றுவரை அடிக்கிறார்கள். உங்கள் மணியை உருக்கி வார்ப்பதே நல்லது. கட்டியவர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.