‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வீடியோ கேம் தொடரில் ஸ்கைரிமுக்கு அடுத்த பாகத்தில் ‘லெவல் ஸ்கேலிங்’ மாற வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

விளையாட்டில் உங்கள் பாத்திரத்தின் நிலை (லெவல்) உயர உயர எதிரிகளின் பலமும் கூடவே உயர்வதுதான் லெவல் ஸ்கேலிங். திறந்த உலகில் யார் எந்தத் திசையில் முதலில் போவார் என்று சொல்ல முடியாது. எங்கே போனாலும் சண்டை சமமாக இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

2006இல் வந்த முந்தைய பாகமான ஒப்லிவியனில் இது எல்லை மீறியது. சாதாரண வழிப்பறிக்காரனும் பின்னாளில் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசத்தோடு நின்றான். திருகோணமலையில் பெரிய வள்ளம் வாங்கியவருக்கு உள்துறைமுகத்திலும் வாடைக்கால வெளிக்கடல் அலை எழும்பினால், வள்ளம் வாங்கி என்ன பயன்?

ஸ்கைரிம் (2011) பல இடங்களில் எதிரிகளின் நிலைக்குக் கீழ், மேல் வரம்பு வைத்தது. முதன்முறை நுழையும்போதே அந்த இடத்தின் நிலை பதிவாகிவிடும். அதனால் குகை கடினமென்றால் திரும்பி வந்து, பலம் கூட்டிக்கொண்டு போகலாம். 2018இல் அறிவிக்கப்பட்ட ஆறாம் பாகத்தில் இந்த வரம்புகள் இன்னும் இறுக வேண்டும்.

விளையாட்டின் கடின அளவைக் (difficulty) குறைத்தால் ஸ்கேலிங் நின்றுவிடாது. கடின அளவு அடியின் சேதத்தை மட்டுமே மாற்றும்.