தினமும் வேதம் வாசித்தும் விசுவாசம் வளரவில்லையே, ஏன்?

"ஒவ்வொரு ஜனவரியும் ஆதியாகமத்தில் ஆரம்பிக்கிறேன், பிப்ரவரியில் லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தோடு நின்றுபோகிறது. வாசித்த நாட்களிலும் விசுவாசம் வளர்ந்த மாதிரி தெரியவில்லை. நல்ல வசனங்களை மட்டும் தியானித்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். போதாது என்பது என் பதில்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இறையியல் படித்தவள் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, ஞாயிறு பள்ளியில் மனன வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கி வளர்ந்த சாதாரண சபைப் பெண். வேதாகமக் கல்லூரியில் படித்தவர்கள் இதில் குறை கண்டால் தாராளமாகத் திருத்துங்கள்.

எங்கள் வீடுகளில் வசனத்துக்குப் பஞ்சமே கிடையாது. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை, வாசல் நிலையில் ஸ்டிக்கர், விடிந்ததும் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு ஒரு வசனம். எல்லாம் ஆசீர்வாதமான வசனங்கள். கடைத் திறப்பு என்றால் "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்பதைத்தான் அழைப்பிதழில் போடுவார்கள். அது யோபு 8:7. சொன்னவன் யோபுவின் நண்பர்களில் ஒருவனான பில்தாத். அதற்கு மூன்று வசனம் முன்னால்தான், பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் யோபுவிடம், உன் பிள்ளைகள் செய்த பாவத்துக்குக் கிடைத்தது என்கிற தோரணையில் பேசியிருப்பான். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அவனையும் அவன் நண்பர்களையும் "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று கடிந்துகொள்கிறார். 42 அதிகாரத்தையும் வாசித்தால்தான் இது தெரியும். பொங்கலில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றால் வயிறு நிறையாது. பில்தாத்தின் வார்த்தையை யாராவது உங்களிடமே திருப்பிச் சொல்லும் நாளில் பதில் சொல்லவும் வராது. எங்களுக்கு அந்த நாள் வந்தது.

என் மகனுக்கு செரிப்ரல் பால்சி, மூளைப் பாதிப்பால் தசைகள் சரியாக இயங்காத நிலை. புத்தி தெளிவு, பேச்சு கொஞ்சம் இழுக்கும், இரண்டு காலும் விறைப்பு. காலையில் காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) மாட்டுவதற்கு முன் தசையை இழுத்துவிட வேண்டும். ஒரு கையால் முழங்காலை அமுக்கி, இன்னொரு கையால் குதிகாலைப் பிடித்து, பாதத்தை மெதுவாக மேல்நோக்கி மடக்கி, முப்பது எண்ணும்வரை விடாமல் வைத்திருக்க வேண்டும். அப்புறம் தளர்த்தி, மறுபடியும். வலிக்கும். எண்ணிக்கையே அவனுக்குப் பயமாகிவிட்டது. "ஒன்று" என்று ஆரம்பித்தாலே உடம்பு இறுகும். என் மாமியார்தான் ஒரு நாள், "நீ எண்ணாத, நான் வாசிக்கேன்" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைபிளோடு பாயில் வந்து உட்கார்ந்தார். இரண்டு மூன்று வசனம் வாசித்தால் முப்பது ஆகிவிடும்.

அத்தைக்கு வசனம் தேர்ந்தெடுக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. ஆதியாகமம் ஒன்றிலிருந்து வரிசையாகத்தான். மொத்தம் 1189 அதிகாரம். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். காலையில் பையனோடு வாசித்தது போக மீதியை ராத்திரி குடும்ப ஜெபத்தில் முடிப்போம்.

உங்களை நிறுத்துகிற அதே லேவியராகமம் எங்களையும் நிறுத்தப் பார்த்தது, வேறு காரணத்துக்காக. 21ஆம் அதிகாரம். ஆசாரியர்களான ஆரோன் வம்சத்தில் குருடனோ சப்பாணியோ இருந்தால் பலி செலுத்தக் கிட்டே வரக் கூடாது என்று வருகிறது. அத்தை அந்த வரியை வாசிக்கும்போது பிள்ளையின் குதிகால் என் கையில் இருக்கிறது. "ஏன் ஆச்சி வரக் கூடாது?" என்று கேட்டான். அத்தை சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "தெரியலய்யா, மேல வாசிப்போம்" என்றார். 22ஆம் வசனத்தில், அவன் தேவனுடைய அப்பத்தைச் சாப்பிடலாம் என்று இருந்தது. எனக்கு அது ஆறுதலாகவே இல்லை. இதையெல்லாம் பிள்ளை முன்னால் வாசிக்க வேண்டுமா என்று அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். அத்தை நிறுத்தவில்லை.

மார்ச் கடைசியில் 2 சாமுவேல் வந்தது. தாவீதின் நண்பன் யோனத்தானின் மகன் மேவிபோசேத். ஐந்து வயதில் செவிலித்தாய் தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து இரண்டு காலும் முடமானவன். அதில் யார் பாவமும் சொல்லப்படவில்லை, அவசரத்தில் நடந்த விபத்து. தாவீது ராஜா அவனை லோதேபார் என்ற ஊரிலிருந்து அழைத்து வரச் சொல்லி, தன் பந்தியிலே தினமும் உட்கார வைக்கிறான். மகன் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னான். "அவனைப் பந்திக்கு யார் ஆச்சி தூக்கிட்டுப் போவா?" என்று ஒரு சந்தேகம் வேறு. "அவனுக்கு வேலை செய்யச் சொன்ன சீபாவுக்குப் பதினஞ்சு மகன், இருபது வேலைக்காரன்னு போட்டிருக்கே, ஆளுக்கா பஞ்சம்?" என்றார் அத்தை. ஜூலையில் ஏசாயா 8இல் வந்த மகேர்-சாலால்-அஷ்-பாஸ் என்ற பெயருக்கு விழுந்து விழுந்து சிரித்தான். கொஞ்ச நாள் எண்ணிக்கைக்குப் பதில் அந்தப் பெயரையே சொல்லிக் காலை நீட்டினான். செப்டம்பரில் எசேக்கியேல் 18. பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்கிற பழமொழியை, அதாவது பெற்றவர்கள் பாவத்துக்குப் பிள்ளைகள் அனுபவிப்பார்கள் என்கிற பேச்சை, இனிமேல் சொல்லக் கூடாது என்று கர்த்தரே தடுக்கிற அதிகாரம். அக்டோபரில் மத்தேயு 21:14. குருடரும் சப்பாணிகளும் தேவாலயத்திலே இயேசுவிடம் வருகிறார்கள். "பாத்தியாய்யா, வந்துட்டாங்க" என்றார் அத்தை. பிப்ரவரியில் அவன் கேட்டதை அவர் மறக்கவே இல்லை.

அந்த டிசம்பரில் உறவினர் ஒருவர், வெளியூரிலிருந்து ஊழியர் ஒருவரை எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க அழைத்து வந்தார். பிள்ளையின் தலையில் கை வைத்துக்கொண்டே யாத்திராகமம் 20:5ஐ வாசித்தார். பிதாக்களுடைய அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிக்கிற வசனம். இந்தக் குடும்பத்தில் பரம்பரை சாபம் இருக்கிறது, தாய்வழியா தகப்பன்வழியா என்று ஆராய்ந்து அறிக்கை செய்ய வேண்டும், மூன்று வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்றார். இவ்வளவும் அவன் காது கேட்க.

"பாஸ்டர், எசேக்கியேல் 18ஐக் கொஞ்சம் வாசிப்போமா?" என்றேன். "திராட்சக்காய் அதிகாரம்" என்று மகன் எடுத்துக்கொடுத்தான். "அது பழைய ஏற்பாடு சிஸ்டர்" என்றார் அவர். அத்தை பைபிளைப் புரட்டிக்கொண்டே, "நீங்க வாசிச்சதும் பழைய ஏற்பாடுதானய்யா. சரி, யோவான் ஒன்பது வாசிப்போம்" என்று அவரே வாசித்தார். யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்பதும், "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு சொல்வதும். வந்தவர் காபி குடித்துவிட்டு, சுருக்கமாக ஜெபித்துவிட்டுக் கிளம்பினார். ஊழியக்காரரை எதிர்த்துப் பேசினாள் என்று சொந்தத்தில் பேச்சு வந்தது. வரட்டும். அவரைவிட என் பிள்ளைதான் எனக்கு முக்கியம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவன் பிறந்த புதிதில் ஒரு பெரியம்மா இதே மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். வயிற்றில் இருக்கும்போது என்ன தப்பு செய்தேன் என்று தேடித்தேடி அன்று ராத்திரி முழுக்க அழுதேன். டிசம்பரில் எனக்கு அப்படி ஒரு ராத்திரி வரவில்லை. சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். நடுவில் எந்தக் காலையிலும் விசுவாசம் வளர்கிற மாதிரி எனக்கும் தோன்றியதில்லை. பாதி நாள் மனசு இட்லிச் சட்டியில்தான் இருந்தது. வாசிக்கிற அன்றே மனசு உருகவில்லையே என்று நீங்கள் கணக்குப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போகிற ஆலயத்தில் வாசலுக்கு மூன்று படி. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட்டால் வீல்சேருக்கான சாய்தளம் ஆகிவிடும், மூன்று படிக்கு ஒரு கொத்தனாருக்குச் சில நாள் வேலை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்தாயிற்று. கேட்டால் அடுத்த கமிட்டியில் பார்க்கலாம் என்கிறார்கள். கோபுரத்துக்குச் சீரியல் லைட்டும் நன்கொடையாளர் பெயர்க் கல்வெட்டும் எந்தக் கமிட்டியிலும் தள்ளிப்போனதில்லை. என் வீட்டுக்காரர் வாரா வாரம் அவனைத் தூக்கிக்கொண்டுதான் ஏறுகிறார். பிள்ளை வளர்கிறான், அவர் முதுகு எத்தனை நாள் தாங்கும்? மேவிபோசேத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இதைச் செய்ய வேண்டும்.

"இவ்வளவு வாசித்தும் பையன் நடந்தானா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: நடக்கவில்லை. பிசியோதெரபியை ஒரு நாளும் விட்டதில்லை, வாசிப்பை அதற்கு மாற்றாக யாருக்கும் சொல்லவும் இல்லை. குணமாக ஜெபிப்பதையும் நிறுத்தவில்லை. "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் கேட்கிறது, அதை நாங்கள் சத்தமாகத்தான் வாசிக்கிறோம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த ஜனவரிக்குக் காத்திருக்காதீர்கள், ஆதியாகமத்துக்குத் திரும்பவும் போகாதீர்கள். நின்ற இடத்திலிருந்தே எடுங்கள். வாய்விட்டு வாசியுங்கள், வீட்டில் கேட்க ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது. லேவியராகமம் மொத்தமே 27 அதிகாரம்தான், அதில் 11 முடித்துவிட்டீர்கள். நாளைக் காலை 12ஆம் அதிகாரம், எட்டே வசனம். 13 நீளம், 59 வசனம் வரும். அதை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.