கறி வறுத்த சட்டியைக் கழுவாதீர்கள்: மாஸ்டரிடம் கேள்வி பதில்

பெங்களூர் ஹோட்டல் கிச்சன்களில் 27 வருஷம் நின்றுவிட்டு இப்போது காட்பாடியில் வீட்டோடு இருக்கிறேன். போன வாரம் முழுக்கோழி ரோஸ்ட் பற்றிச் சொன்னபோது, "கோழியை எடுத்த சட்டியின் அடியைச் சுரண்டி, வெண்ணெய் போட்டு அதிலேயே ஒரு சாஸ் பண்ணிக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். வந்த கேள்வியெல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான்.

முதலில் செய்முறை. ஒரு கிலோ கோழி வெந்ததும் தட்டில் எடுத்து வையுங்கள். சட்டியில் மிதக்கும் கொழுப்பில் ஒரு மேசைக்கரண்டி விட்டுவிட்டு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, இரண்டு நிமிஷம் வதக்கல். புளிப்பாக ஏதாவது கால் டம்ளர் ஊற்றினால் சுர்ரென்று பொங்கும். அந்தச் சூட்டிலேயே மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். பிறகு எலும்பை உப்பில்லாமல் காய்ச்சி வடித்த எலும்புத் தண்ணீர் ஒரு டம்ளர், பாதியாகச் சுண்டும்வரை கொதி. அடுப்பை அணைத்து, சில்லென்ற வெண்ணெய் 20 கிராம் போட்டுக் கலக்குங்கள். தட்டில் கோழி விட்டிருக்கும் சாற்றையும் சேர்த்து, மிளகு தட்டிப் போட்டு, உப்பு பார்ப்பது கடைசியில்.

புதுசாகத் தெரிகிறதா? கறி வறுத்த சட்டியில் மிச்ச மசாலாவோடு சோற்றைப் பிரட்டி, அம்மா உருண்டை பிடித்துக் கையில் கொடுப்பாரே, அதேதான். சோற்றுக்குப் பதில் இங்கே தண்ணீர்.

மாஸ்டர், சொன்ன மாதிரியே சுரண்டினேன். சாஸ் கசப்பாயிடுச்சு, கலரும் கறுப்பு. கோழிக்கு இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் எல்லாம் தடவித்தான் வறுத்தேன். (சத்துவாச்சாரி)

தப்பு சுரண்டலில் இல்லைம்மா, தடவலில். சட்டி அடியில் ஒட்டுவது இரண்டு ஜாதி. ஒன்று காந்தல். கறியிலிருந்து வடியும் சாறு, தண்ணீர் வற்றி, சுமார் 140 டிகிரிக்கு மேல் சூடேறியதும் அதிலுள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து செம்பழுப்பாக மாறும். முறுகல் தோசையின் மணமும் அதே வேலைதான். மற்றது தீய்ந்தது. பூண்டும் மிளகாய்த்தூளும் கறியைவிட ரொம்பச் சீக்கிரம் அந்த நிலைக்குப் போய்விடும். கோழி வேகிற நேரத்துக்குள் அவை கரி.

இஞ்சி பூண்டு இல்லாமல் நம்மால் கோழியைத் தொட முடியாது, தெரியும். ஊறவைத்துவிட்டு, வறுக்கும் முன் மசாலாவை விரலால் வழித்தெடுத்து, துணியால் ஒற்றிவிடுங்கள். ஈரம் இருந்தால் 100 டிகிரியைத் தாண்டாமல் கறி அவியுமே தவிர சிவக்காது. வழித்த மசாலாவை வீணாக்காமல் வெங்காயத்தோடு வதக்கி, பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். அதில் பச்சைக்கோழி பட்டிருக்கிறது, நன்றாக வேகவேண்டும்.

சந்தேகமென்றால் ஒரு சொட்டு வெந்நீர் விட்டு, துளி காந்தலைக் கரைத்து நாக்கில் வையுங்கள். கசந்தால் சட்டியைக் கழுவிவிட்டு வெறும் எலும்புத் தண்ணீரில் செய்யுங்கள். கசப்பை வெல்லம் மறைக்காது.

நான்ஸ்டிக்ல ஒண்ணுமே ஒட்டலையே அண்ணா? (அரக்கோணம்)

ஒட்டாமலிருக்கத்தானே அதைச் செய்தார்கள்! அடிகனமான எவர்சில்வர் கடாய் போதும். இருப்புச் சட்டியிலும் காந்தல் அருமையாக வரும், ஆனால் புளியோ வினிகரோ ஊற்றிச் சுண்டவைத்தால் இரும்பு வாடை அடிக்கும், பழக்கிவைத்த பதமும் போய்விடும். இரும்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் தண்ணீரில் சுரண்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுப் புளிப்பைச் சேருங்கள்.

எங்க வீட்ல ஓடிஜி ஓவன். அந்த டிரேவை அடுப்புல வைக்கலாமா? (ராணிப்பேட்டை)

வேண்டாம், மெல்லிய தகடு, நெளிந்துவிடும். டிரே சூடாக இருக்கும்போதே அரை டம்ளர் கொதிக்கிற தண்ணீர் விட்டுச் சுரண்டி, கடாயில் வடித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை டிரேயில் வெங்காயத்தையும் கேரட்டையும் பரப்பி அதன்மேல் கோழியை வையுங்கள். சொட்டும் சாறு கருகாது.

பாய் வீட்டு சமையல் நம்மளது மாஸ்டர். எல்லா இடத்துலயும் ஒயின் ஊத்துன்னு சொல்றாங்க. கொதிச்சா போயிடும்னு சொல்றதை நம்பலாமா? இல்ல வேற ஏதாவது இருக்கா? (ஆம்பூர்)

நம்பாதீங்க பாய். ஐந்து நிமிஷக் கொதியில் ஆல்கஹால் முழுசாகப் போகாது, ஒரு பங்கு தங்கிவிடும். ஆனால் கவலையே வேண்டாம், ஒயின் அங்கே செய்கிற வேலை இரண்டுதான்: காந்தலை இளக்குவது, கொழுப்பின் திகட்டலைப் புளிப்பால் அறுப்பது. இளக்கத் தண்ணீரே போதும். புளிப்புக்கு நம்மிடம் இல்லாததா?

என் முதல் ஓட்டு புளிக்கு. கோலிக்குண்டு அளவு புளியை அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். ஆட்டுக்கறிக்கும் மாட்டுக்கறிக்கும் இதற்கு ஈடு கிடையாது. ஜவ்வாது மலைப் புளி கிடைத்தால் விடாதீர்கள். கோழிக்கு எலுமிச்சை, ஆனால் அடுப்பை அணைத்த பிறகுதான், கொதித்தால் மணம் போய்விடும். சிவப்பு ஒயினின் நிறமும் இனிப்பும் வேண்டுமென்றால் பன்னீர் திராட்சை இரண்டு கைப்பிடி எடுத்துக் கையால் பிசைந்து பிழியுங்கள். மிக்ஸி கூடாது, கொட்டை அரைபட்டால் துவர்க்கும். அந்தச் சாற்றில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு, பாதியாகச் சுண்டவைத்து ஊற்றிப் பாருங்கள். ஹோட்டலில் ஒயின் தீர்ந்துபோன ஒரு ராத்திரி இதை வைத்தே ஒப்பேற்றினேன். சாப்பிட்டவர்கள் யாரும் கேட்கவில்லை.

வெண்ணெய் போட்டதும் திரிஞ்சு எண்ணெய் தனியா மிதக்குது. (குடியாத்தம்)

அடுப்பு எரிந்துகொண்டிருந்திருக்கும், இல்லையென்றால் வெண்ணெய் உருகியிருந்திருக்கும். குளிர்ந்த வெண்ணெய் மெதுவாகக் கரையும்போதுதான் அதன் கொழுப்பு பொடிப்பொடித் துளியாகப் பிரிந்து சாற்றில் கலந்து நிற்கும். கொதி வந்தால் அந்தத் துளிகள் ஒன்றுசேர்ந்து மேலே வந்துவிடும். நம்மூர் மே மாத வெயிலில் மேடைமேல் வைத்த வெண்ணெய் கடாய்க்குப் போகுமுன்னே நெய்யாகிவிடும். கடைசி நொடிவரை ஃபிரிட்ஜில் இருக்கட்டும். திரிந்துவிட்டால் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு வேகமாக அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

உப்பு குறைவாத்தான் போடுறேன். ஆனாலும் கரிக்குது. மூணு தடவை ஆயிடுச்சு, இன்னா பண்றது? (வாணியம்பாடி)

உப்பைப் பற்றிப் பிறகு, என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் தம்பி? போர் தண்ணீராக இருந்தால் அதுதான் காரணமாக இருக்கும். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது 1996ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பான விஷயம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழம்புக்கு அந்தத் தண்ணீர் சுமாராக ஒப்பேறும். இங்கே நீங்கள் அதைப் பாதியாகச் சுண்டவைக்கிறீர்கள். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு முழுக்கச் சட்டியிலேயே தங்கி இரட்டிப்பாகிவிடும். குடிக்கிற கேன் தண்ணீரிலேயே செய்யுங்கள். கோழியில் தடவிய உப்பும் காந்தலில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

ஏற்கெனவே கரித்த சாஸில் உருளைக்கிழங்கு போடச் சொல்வார்கள். அது உப்பைத் தனியாகப் பிரித்து இழுக்காது, உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கும். உப்பில்லாத தண்ணீரும் வெண்ணெயும் கூட்டிப் பெருக்குவதே வழி.

ஆட்டுக்கறி ரோஸ்டுக்குச் செஞ்சேன் மாஸ்டர். பரிமாறி பத்து நிமிஷத்துல மேல மெழுகு மாதிரி படிஞ்சிடுச்சு. (ஆற்காடு)

ஆட்டுக்கொழுப்பின் குணம் அது. கோழிக்கொழுப்பு நம் ஊர்ச் சூட்டில் இளகியே இருக்கும், ஆட்டுக்கொழுப்பு ஆறியதும் இறுகும். கொழுப்பை முழுக்க வடித்துவிட்டு வெண்ணெயில் வெங்காயத்தை வதக்குங்கள். தட்டையும் வெந்நீரில் சூடாக்கித் துடைத்து வையுங்கள். நம்மூர் ஆடு எப்படியும் குக்கரில் வெந்துதானே ரோஸ்டுக்கு வரும், அந்தக் குக்கர் தண்ணீரே உங்கள் எலும்புத் தண்ணீர். அதை ஆறவைத்தால் கொழுப்பு ஆடையாக மேலே நிற்கும், வழித்துவிடலாம்.

கெட்டியாவே வரலை. கார்ன்ஃபிளார் போட்டா தப்பா? (திருப்பத்தூர்)

தப்பில்லை, எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். வழவழவென்று சைனீஸ் கிரேவி மாதிரி ஆகிவிடும். போட்டே தீரவேண்டுமென்றால் ஒரு டம்ளருக்கு ஒரு சின்ன ஸ்பூன், குளிர்ந்த தண்ணீரில் கரைத்து. அதைவிட எலும்புத் தண்ணீர் காய்ச்சும்போது கோழிக்கால் நான்கோ ஆட்டுக்கால் ஒன்றோ சேருங்கள். சாஸ் உதட்டில் ஒட்டும். இது ஊற்றி மூழ்கடிக்கிற குழம்பும் இல்லை. கரண்டியின் பின்பக்கம் விரலால் கோடு போட்டால் அழியாமல் நின்றால் போதும், ஆளுக்கு இரண்டு ஸ்பூன்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு பக்கத்து லாட்ஜில் இருக்கிறோம். ஒரு சிங்கிள் அடுப்பு, ஒரு கடாய். அப்பாவுக்கு வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. இதைச் செய்யலாமா? (வேலூர்)

தாராளமாகம்மா. கோழித் தொடைத்துண்டு இரண்டு, தோலோடு. தோல்பக்கம் கீழே வைத்து மிதமான தீயில் 15 நிமிஷம் தொடாமல் விடுங்கள். திருப்பி, மூடி, எலும்போரம் சிவப்புச் சாறு வருவது நிற்கும்வரை வேகவையுங்கள். எடுத்துவிட்டு அதே கடாயில் முக்கால் டம்ளர் தண்ணீர், சுரண்டல், சுண்டல், கொஞ்சம் மிளகு, எலுமிச்சை நான்கு சொட்டு. சோற்றை அதில் குழையப் பிசைந்து கொடுங்கள். உப்பும் வெண்ணெயும் எவ்வளவு என்று வார்டில் கேட்டுக்கொண்டு சேருங்கள்.

இவ்வளவு கஷ்டப்படுறதுக்கு கத்தரிக்காய் தொக்கு வச்சுக்கலாமே மாஸ்டர்? (மறுபடியும் ஆம்பூர்)

பிரியாணிக்கென்றால் நானும் உங்கள் கட்சிதான். ரோஸ்டுக்குக் கத்தரிக்காய் கேட்டால் கட்சி மாறிவிடுவேன்.

மீந்த சாஸை ஃபிரிட்ஜ்ல வச்சேன். காலைல ஜெல்லி மாதிரி ஆடுது. கெட்டுப்போச்சா? (சோளிங்கர்)

கெடவில்லை, நல்ல எலும்புத் தண்ணீர் காய்ச்சியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எலும்பிலும் தோலிலும் இருந்து இறங்கிய ஜெலட்டின் குளிரில் உறைந்திருக்கிறது. சின்னத் தீயில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு இளக்குங்கள், கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால் வெண்ணெய் பிரியும், பிரிந்தால் அடித்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். ராத்திரி கரண்ட் நெடுநேரம் போயிருந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நாளைக் காலை தோசை என்றால் சட்னி அரைக்காதீர்கள்.