எந்தக் காக்கை?

அன்புள்ள ஐயா,

பறவைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பிள்ளைகளுக்கும் பழக்கலாம் என்று இறங்கினேன். கும்பகோணத்தில் எங்களுடையது பழைய வீடு. கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, கிணற்றடியில் செம்பருத்தி. இரண்டாயிரம் ரூபாய்க்கு பைனாகுலர் வாங்கினேன். தானியம் நிரப்பும் குழாய் ஒன்றை முருங்கையில் தொங்கவிட்டேன். புறாக்கள் மட்டும் வந்தன. மகனுக்கு வயது 11, மகளுக்கு 7. முதல் வாரம் நோட்டில் எழுதினார்கள்: காக்கை, மைனா, மறுபடியும் காக்கை. இப்போது கூப்பிட்டாலும் வருவதில்லை. “காக்கையைப் பார்க்கவா கண்ணாடி வாங்கினாய்?” என்கிறார் என் மாமியார். வேடந்தாங்கலுக்கு அழைத்துப்போனால்தான் ஆர்வம் வருமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

மாமியாரின் கேள்வி நியாயமானது. நான் கேட்பது இன்னொன்று. எந்தக் காக்கை? கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் அது வீட்டுக் காக்கை. உடம்பு முழுக்கக் கறுப்பாக, அலகு தடித்து, குரலும் கனத்திருந்தால் அண்டங்காக்கை. நோட்டில் வெறுமனே ‘காக்கை’ என்று எழுதியதும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு பார்ப்பதற்குப் பிள்ளைகளுக்கு என்ன மிச்சம் இருக்கிறது? காக்கைக்குச் சோறு வைக்கும் வேலையை மகனிடம் கொடுங்கள். எது முதலில் இறங்குகிறது, எது சுவரிலேயே உட்கார்ந்து வேவு பார்க்கிறது என்று நான்கு நாளில் அவனே உங்களுக்குச் சொல்வான். கோடையில் குயிலைக் கண்டதும் அதே காக்கைகள் விரட்டிக்கொண்டு ஓடும். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் கதையை அப்போது சொல்லுங்கள். கறுப்பாக இருப்பது ஆண்குயில். பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்தாற்போல இருப்பது பெண். அதை வேறு ஏதோ பறவை என்று நினைத்திருந்த பெரியவர்களே நிறையப் பேர்.

தானியக் குழாயைக் கழற்றிவிடுங்கள். நம் கொல்லைக்கு வருகிறவற்றில் தானியம் தின்பவை குறைவு. கரிச்சானும் தையல்சிட்டும் பூச்சி பிடிப்பவை. தேன்சிட்டுக்குத் தேனும் சிறு பூச்சிகளும், கொண்டைக்குருவிக்குப் பழமும் பூச்சியும் வேண்டும். குழாய் புறாவைத்தான் கூட்டிவரும். உங்களிடம் கறிவேப்பிலை மரமே இருக்கிறதே! அது பழுத்துக் கறுக்கும்போது காயை உதிர்க்காமல் விட்டுவையுங்கள், குயிலும் கொண்டைக்குருவியும் தாமாகவே வரும். செலவு செய்தே ஆகவேண்டும் என்றால் ஒரு மண்தட்டு வாங்குங்கள். இரண்டு விரல் ஆழம் போதும். நடுவில் ஒரு கல்லைப் போட்டு, பூனை பதுங்க முடியாத திறந்த இடத்தில் வையுங்கள். தினமும் கழுவி நீரை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் கொசுதான் வளரும். அது மகளின் வேலையாக இருக்கட்டும்.

இன்னொன்று, இதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: கொல்லையை மூலை விடாமல் பெருக்க வேண்டாம். சுவரோரமாக ஒரு பாய் அகலத்துக்குச் சருகு கிடக்கட்டும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கி, ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் பூச்சி தேடுவதை அங்கேதான் பார்க்கலாம். ஓயாமல் சளசளக்கும். ஒன்று மட்டும் உயரமான கிளையில் உட்கார்ந்து காவல் காக்கும். அது கத்தியதும் அத்தனையும் பறந்து புதருக்குள் புகுந்துவிடும். வெயில் தாழ்ந்தபின் வரிசையாக நெருங்கி உட்கார்ந்து ஒன்றுக்கொன்று இறகு கோதிவிடுவதையும் பார்க்கலாம். ஒரு ஜோடியின் குஞ்சுகளுக்குக் கூட்டத்தில் உள்ள மற்றவையும் இரை ஊட்டும். கூட்டுக் குடும்பத்தில் வளரும் உங்கள் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியிருக்காது. இந்தப் பறவைக்கு பைனாகுலரும் தேவையில்லை, பின்வாசற்படி போதும்.

எனக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் செம்பருத்தியில் தேன்சிட்டு கூடு கட்டியது. மரப்பட்டைத் துணுக்கு, நார், சிலந்திவலை எல்லாம் சேர்த்துப் பின்னிய தொங்கும் பை. பக்கவாட்டில் வாசல், அதன் மேல் மழைக்குத் தாழ்வாரம்போல ஒரு நீட்டல். கம்பளிப்புழுவின் எச்சத்தைக்கூட வெளியே ஒட்டியிருந்தது. கட்டியதெல்லாம் பெண்தான், ஆண் பக்கத்துக் கிளையிலிருந்து பாடிக்கொண்டிருந்தது. நானும் மகளும் தினமும் பள்ளிக்கு முன் கால் மணி நேரம் நின்று பார்ப்போம். குஞ்சு பொரித்ததும் ஆணும் இரை கொண்டுவரத் தொடங்கியது. எனக்கு நல்ல படம் வேண்டும் என்ற ஆசை. வாசலை மறைத்த இரண்டு கொத்து இலைகளை நூலால் இழுத்துக் கட்டினேன். மறுநாள் காலை கூடு கிழிந்து தொங்கியது. கீழே, கூட்டைக் குலைத்துக் குஞ்சுகளைத் தின்னும் செம்போத்து ஒன்று நிதானமாக நடந்துகொண்டிருந்தது. “இலையை ஒதுக்கியதால்தானா அப்பா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. உங்கள் வீட்டில் கூடு தென்பட்டால் பத்தடி தள்ளி நில்லுங்கள். உங்கள் பைனாகுலருக்கு அப்போதுதான் வேலை.

வேடந்தாங்கலுக்குத் தாராளமாகப் போங்கள், டிசம்பர், ஜனவரியில் போனால் ஏரி நிறைந்திருக்கும். போகாவிட்டாலும் குறையில்லை. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. இருந்த இடத்திலேயே குறைந்தது 15 நிமிடம் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி, இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிய வேண்டும். மாட்டுப் பொங்கல் காலையில் குடும்பத்தோடு உட்காருங்கள். காக்கைகளும் கணக்கில் வரும்.

அதற்குள் ஒரு வேலை. ஊர்ப் பறவைகளுக்கு மாமியார் என்னென்ன பெயர் சொல்கிறார் என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். செம்போத்து கண்ணில் பட்டால் நல்ல சகுனம் என்று என் அம்மா சொல்வார். அந்தக் காலையில் அதை என் மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.