ஒரே டேபிளில் நூறு கடைகள்: தரவைப் பிரித்து வைப்பது பற்றிக் கேள்வி பதில்

(பல வாடிக்கையாளர்களின் தரவை ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள்.)

கேள்வி: பில்லிங் ஆப் செய்கிறோம், லாராவெலில் (பிஎச்பி ஃப்ரேம்வொர்க்). எல்லாக் கடைகளின் பில்லும் ஒரே டேபிள். கடை ஐடிக்கு குளோபல் ஸ்கோப் ('இந்தக் கடை மட்டும்' என்ற நிபந்தனையை க்வெரியில் தானே சேர்ப்பது) போட்டிருக்கிறோம். இது போதாதா சார்?

பதில்: போதாது. குளோபல் ஸ்கோப், லாராவெலின் எலோக்வென்ட் மாடல் (டேபிளைக் குறிக்கும் கிளாஸ்) வழியாகப் போகும் க்வெரியில் மட்டும்தான் ஒட்டும். ரிப்போர்ட்டுக்காக யாராவது நேரடியாக டிபி டேபிள் என்று எழுதினால் அங்கே அது இல்லை. இன்னும் மோசம், வேலிடேஷனில் வரும் 'எக்சிஸ்ட்ஸ்' விதி. அதற்கு மாடல் பெயரைக் கொடுத்தாலும் டேபிள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்கோப் இல்லாமல்தான் தேடும். 12ஆம் கடை ஊழியர் ஃபார்மில் 7ஆம் கடையின் கஸ்டமர் ஐடியை மாற்றி அனுப்பினால், 'அப்படி ஒருவர் இருக்கிறார்' என்று அது உள்ளே விட்டுவிடும்.

ஸ்கோப் இருக்கட்டும். அதற்குக் கீழே, நாம் மறந்தாலும் மறக்காத ஒரு காவல் வேண்டும். போஸ்ட்கிரெஸில் 9.5 முதல் உள்ள ரோ லெவல் செக்யூரிட்டி அதற்குத்தான்: எந்தப் பதிவை யார் பார்க்கலாம், மாற்றலாம் என்ற விதியை ('பாலிசி') டேபிளிலேயே எழுதி வைப்பது.

கேள்வி: அதை எனேபிள் செய்து பாலிசியும் எழுதிவிட்டேன். ஆனாலும் எல்லாக் கடைப் பதிவுகளும் வருகின்றன. எங்கே தப்பு?

பதில்: உங்கள் ஆப் எந்த யூசராக உள்ளே போகிறது என்று முதலில் பாருங்கள். டேபிளை உருவாக்கிய ஓனருக்குப் பாலிசி பொருந்தாது. சூப்பர்யூசருக்கும், பைபாஸ் ஆர்எல்எஸ் (ரோ லெவல் செக்யூரிட்டியைத் தாண்டும்) உரிமை உள்ளவருக்கும் எப்போதுமே பொருந்தாது. மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) ஓட்டும் அதே யூசரை ஆப்புக்கும் கொடுத்திருப்பீர்கள். பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டு யூசர் வையுங்கள். ஒருவர் டேபிளுக்கு ஓனர், மைக்ரேஷனுக்கு மட்டும். மற்றவர் ஆப்புக்கு, படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க மட்டும் அனுமதி. ட்ரங்கேட் (டேபிளை முழுதாகக் காலி செய்வது) அனுமதி தரவே கூடாது, அதைப் பாலிசி தடுக்காது. கூடவே ஒவ்வொரு டேபிளுக்கும் 'ஃபோர்ஸ் ரோ லெவல் செக்யூரிட்டி' போடுங்கள், ஓனரும் கட்டுப்படுவார்.

கேள்வி: பிஜிபவுன்சர் (டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து தரும் இடைமென்பொருள்) வைத்த பிறகு எப்போதாவது வேறு கடையின் பில் தெரிகிறது. ரிக்வெஸ்ட் ஆரம்பத்தில் கடை ஐடியை 'செட்' செய்துதான் போகிறோம், பாலிசி அந்த மதிப்பைத்தான் பார்க்கிறது.

பதில்: உடனே நிறுத்திச் சரிசெய்ய வேண்டிய விஷயம் இது. ட்ரான்ஸாக்‌ஷன் பூலிங்கில் (ஒவ்வொரு ட்ரான்ஸாக்‌ஷனுக்கும் ஏதோ ஒரு கனெக்‌ஷனைத் தரும் முறை) உங்கள் 'செட்' ஒரு கனெக்‌ஷனுக்குப் போகலாம், அடுத்து வரும் க்வெரி இன்னொரு கனெக்‌ஷனுக்குப் போகலாம். அந்த இரண்டாவது கனெக்‌ஷனில் முன்பு யாரோ வைத்துவிட்டுப் போன '7' அப்படியே கிடக்கும். 12ஆம் கடைக்காரர் 7ஆம் கடையின் பில்லைப் பார்ப்பார்.

தீர்வு: பிகின், அடுத்து 'செட் லோக்கல்' (அல்லது செட் கான்ஃபிக் ஃபங்‌ஷனில் மூன்றாவது மதிப்பு ட்ரூ), பிறகு க்வெரிகள், கடைசியில் கமிட். ட்ரான்ஸாக்‌ஷன் முடிந்ததும் மதிப்பு தானே போய்விடும். ட்ரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே 'செட் லோக்கல்' போட்டால் ஒரு வார்னிங் வரும், வேலை நடக்காது.

இங்கே ஒரு நுணுக்கம். அப்படிப் போன பிறகு அதே கனெக்‌ஷனில் அந்த மதிப்பைப் படித்தால் நல் வராது, காலி ஸ்ட்ரிங் வரும். அதை எண்ணாகவோ யூயூஐடியாகவோ (நீளமான தனித்த ஐடி வகை) மாற்றும்போது எர்ரர் விழும். பலர் நல்இஃப் (காலி ஸ்ட்ரிங்கை நல் ஆக்கும் ஃபங்‌ஷன்) போட்டு அதை அடக்குகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். எர்ரர் விழுந்தால் ஐடி வைக்க மறந்தது உடனே தெரியும். அடக்கினால் காலிப் பட்டியல் வரும், கடைக்காரர் பில்லெல்லாம் அழிந்துவிட்டது என்று பதறுவார். மதிப்பைப் படிக்கும் கரண்ட் செட்டிங் ஃபங்‌ஷனில் இரண்டாவது மதிப்பாக ட்ரூ கொடுக்காமல் விடுங்கள். புதுக் கனெக்‌ஷனிலும் எர்ரர்தான் வரும்.

கேள்வி: பாலிசி சரியாக ஓடுகிறது. இனி ஃபாரின் கீ (ஒரு டேபிளின் பதிவு இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டுவது) பற்றிக் கவலை இல்லைதானே அண்ணா?

பதில்: இருக்கிறது தம்பி. ஃபாரின் கீ சோதனை பாலிசியைத் தாண்டித்தான் பார்க்கும். 12ஆம் கடை தன் பேமென்ட் பதிவில் 7ஆம் கடையின் பில் ஐடியை எழுதினால் டேட்டாபேஸ் ஏற்றுக்கொள்ளும். பில் டேபிளில் (கடை ஐடி, பில் ஐடி) இரண்டும் சேர்ந்த யூனிக் வையுங்கள். பேமென்ட்டின் ஃபாரின் கீயும் அந்த இரண்டையும் சேர்த்தே காட்டட்டும். மொபைல் எண் போன்றவற்றின் யூனிக்கிலும் கடை ஐடியைச் சேருங்கள். இல்லையென்றால் 'ஏற்கெனவே உள்ளது' என்ற எர்ரரே அடுத்த கடையின் கஸ்டமரைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: வியூ (டேபிள் போலப் படிக்கக்கூடிய, சேமித்து வைத்த க்வெரி) வழியாகப் படித்தால்?

பதில்: வியூ அதன் ஓனரின் உரிமையில் ஓடும். போஸ்ட்கிரெஸ் 15 முதல் செக்யூரிட்டி இன்வோக்கர் என்று போடலாம். கேட்பவரின் உரிமை பார்க்கப்படும். மெட்டீரியலைஸ்டு வியூவுக்கு (முடிவையும் சேர்த்துச் சேமிக்கும் வியூ) பாலிசியே கிடையாது, ஆப் யூசருக்கு அதை நேரடியாகத் திறந்துவிடாதீர்கள்.

கேள்வி: பாலிசி போட்டதும் பெயர் தேடல் மெதுவாகிவிட்டது.

பதில்: லைக் போன்ற ஆப்பரேட்டர்கள் 'லீக்ப்ரூஃப்' (மறைக்க வேண்டிய தரவைக் கசியவிடாது என்று குறிக்கப்பட்டவை) அல்ல. அதனால் போஸ்ட்கிரெஸ் முதலில் பாலிசியைச் சோதித்துவிட்டுத்தான் அவற்றை ஓட்டும், பெயர் இண்டெக்ஸ் பயன்படாமல் போகும். கடை ஐடி முதலில் வரும் இண்டெக்ஸ் வையுங்கள். ஒரு கடைக்குச் சில ஆயிரம் கஸ்டமர்தான் என்றால் அதுவே போதும். பாலிசிக்குள் சொந்த ஃபங்‌ஷன் அழைத்தால் அதை 'ஸ்டேபிள்' (ஒரே க்வெரிக்குள் விடை மாறாது) என்று குறியுங்கள். குறிக்காவிட்டால் வாலடைல், பதிவுக்கு ஒருமுறை ஓடும்.

கேள்வி: ரெடிஸ் கேஷ், பின்னணி வேலைகளின் க்யூ, இவற்றில் என்ன செய்வது?

பதில்: கேஷ் கீயின் தொடக்கத்திலேயே கடை ஐடி. க்யூவில் போடும் வேலைக்குள்ளும் ஐடியை வையுங்கள், வொர்க்கர் எடுத்ததும் அதே 'செட் லோக்கல்' வழி.

கேள்வி: சரியாக இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: டெஸ்ட் ஆப் யூசராகவே ஓட வேண்டும். ஓனராக ஓடினால் எதுவும் சோதிக்கப்படவில்லை. இரண்டு கடை உருவாக்குங்கள். ஒன்றாக உள்ளே போய் மற்றதன் பதிவைப் படிக்க, திருத்த, அதன் ஐடியோடு புதுப் பதிவு சேர்க்க முயலுங்கள். படிப்பதில் பூஜ்யம், திருத்துவதில் பூஜ்யம், சேர்ப்பதில் எர்ரர் வர வேண்டும். ஐடி வைக்காமலும் ஒருமுறை படித்துப் பாருங்கள், எர்ரர் வர வேண்டும். புது டேபிளில் பாலிசி போட மறப்பதும் உண்டு. கடை ஐடி புலம் உள்ள டேபிள்களில் பாலிசி எனேபிள், ஃபோர்ஸ் இரண்டில் ஒன்றாவது இல்லாதவற்றைப் பிஜி கிளாஸ் கேட்டலாகிலிருந்து எடுக்கும் ஒரு க்வெரி எழுதி, ஒன்று வந்தாலும் பில்ட் உடையும்படி வையுங்கள்.

கேள்வி: நாங்கள் மைஎஸ்க்யூஎல்.

பதில்: அதில் இந்த வசதி கிடையாது. கடைகள் குறைவென்றால் கடைக்கு ஒரு டேட்டாபேஸ், தனித்தனி யூசர் என்று பிரித்துவிடுங்கள். ஆயிரக்கணக்கில் போகும் என்றால், இப்போதே போஸ்ட்கிரெஸுக்கு மாறுவது பின்னால் மாறுவதைவிட எளிது.