எந்த வாசகருக்கு எந்தப் புத்தகம்? ரங்கூனிலிருந்து ஒரு பதில்

கேள்வி: எப்படிப்பட்ட வாசகருக்கு எப்படிப்பட்ட நூல்கள் பிடிக்கும்? வயதையும் படிப்பையும் வைத்துச் சொல்லிவிட முடியுமா?

முடியாது. வயதும் படிப்பும் பார்த்துப் புத்தகம் நீட்டுகிறவர்கள் பத்துக்கு எட்டு முறை ஏமாந்துபோவார்கள்.

யாங்கோனில் (எங்களுக்கு இன்னும் ரங்கூன்தான்) ஒரு கோயில் மண்டபத்தின் மூலையில் இருக்கும் தமிழ்ப் புத்தக அலமாரியை நெடுநாளாகப் பார்த்துக்கொள்கிறேன். சாவியும் என்னிடம், இரவல் நோட்டும் என்னிடம். அதனால் சொல்கிறேன்: 'உங்களுக்கு என்ன மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?' என்று யாரையும் கேட்காதீர்கள். ஊர் மெச்சும் பதில்தான் வரும். திருக்குறளைப் புகழாத ஆள் எங்கள் வட்டாரத்தில் கிடையாது. ஆனால் அலமாரியில் உள்ள திருக்குறள் உரைகள் அத்தனையும் வாங்கிய அன்று இருந்தபடியே விறைப்பாக நிற்கின்றன. முதுகு கிழிந்து, ஊசிநூல் போட்டுத் தைத்து, தைத்த இடம் மறுபடியும் விட்டுப்போய்க் கிடக்கிற புத்தகங்கள் வேறு.

அதில் முதலிடம் பாம்புப் பஞ்சாங்கத்துக்கு. இதையெல்லாம் வாசிப்பில் சேர்ப்பதா என்று சிரிக்க வேண்டாம். அதை ஆண்டுப் பலன் தொடங்கிப் பின்னட்டை விளம்பரம் வரை ஒரு வரி விடாமல் படிக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அரிசி வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். நாவல் கொடுத்தால், "நடக்காததைப் படித்து என்னம்மா ஆகப்போகிறது?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். சென்னையிலிருந்து வரும் பஞ்சாங்கம் இந்திய நேரத்துக்குக் கணித்தது. பர்மா நேரம் ஒரு மணி முன்னால் ஓடுகிறது. இங்கே பலர் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி கூட்டிக்கொள்கிறார்கள். பெரியவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். திதி முடிகிற கணம் உலகத்துக்கெல்லாம் ஒன்றுதான், ஆகையால் அதற்கு ஒரு மணி கூட்ட வேண்டும். ராகு காலமோ அந்தந்த ஊர்ச் சூரியனைப் பொறுத்தது. ரங்கூன் சென்னைக்குக் கிழக்கே சுமார் 16 பாகை தள்ளி இருக்கிறது. அதனால் சூரியன் இங்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்திக்கொள்கிறது, கடிகாரமும் ஒரு மணி முந்தியிருக்கிறது. ஆகவே ராகு காலத்தை அச்சில் கண்டபடியே எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கை ஓரத்தில் பென்சிலால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறார். பொதுப் புத்தகத்தில் கிறுக்கியதற்காக நான் கோபப்பட வேண்டும். என்னால் முடியவில்லை. கணக்கு சரியாக இருக்கிறதே!

இவர் ஒரு தனி வகை வாசகர். இவர்களுக்குக் கதை வேண்டாம், சரிபார்க்க ஏதாவது வேண்டும். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய சமையல் புத்தகங்களை எடுத்துப்போகும் ஓர் அக்காவும் இதே இனம்தான். சமைப்பதற்காக அவர் படிப்பதில்லை. பலம், வீசை என்று போட்டிருக்கும் பழைய அளவுகளைப் பார்த்து, எழுதியவர் சொன்னது ஒத்து வருமா என்று மனத்துக்குள்ளேயே அடுப்பேற்றிப் பார்ப்பார். சென்னையில் வீசை என்றால் இளைஞர்களுக்குப் புரியாது. எங்கள் கடைத்தெருவில் மீனும் வெங்காயமும் இன்றைக்கும் வீசைக் கணக்கில்தான். ஆனால் பழைய மதராஸ் வீசை சுமார் 1.4 கிலோ, பர்மா வீசை 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். புத்தகத்தைப் பார்த்து இங்கே நிறுத்து வாங்கினால் புளி தூக்கலாகிவிடும் என்று அவர்தான் கண்டுபிடித்தார். அவருக்கு ஒரு துப்பறியும் நாவல் கொடுக்கும் சந்தோஷம் இதில் கிடைத்துவிடுகிறது.

துப்பறியும் நாவல் என்றதும் நினைவுக்கு வருகிறவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கணக்குப் போடுகிறவர், முடிச்சை வரிசையாக அவிழ்ப்பார் என்றுதானே நினைப்போம்? கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். "யார் கொன்றது என்று தெரிந்துவிட்டால்தான் எப்படிக் கண்டுபிடித்தான் என்பதை நிம்மதியாகப் பார்க்க முடியும்" என்பது அவர் வாதம். விடையைப் பின்பக்கத்தில் பார்த்துவிட்டு வழிமுறையைச் சரிபார்க்கிற பழக்கம் போலிருக்கிறது. அவருக்கு நேர் எதிர், இரவு வேலைக்குப் போகும் பையன்கள். மாத நாவலாக இருக்க வேண்டும், சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும், விட்ட இடத்திலிருந்து தொடர முடிய வேண்டும். மின்சாரம் போய்விட்டால் கைபேசியில் மிச்சமிருக்கும் சார்ஜை வீணாக்க முடியாது, புத்தகம்தான் துணை. தமிழில் தீர்ந்துவிட்டால் வாடகைப் புத்தகக் கடையில் பர்மிய மொழியில் மாங் சான் ஷாவை எடுத்துக்கொள்வார்கள். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை ஷ்வே உ டாங் பர்மிய மண்ணுக்கு ஏற்றபடி மாற்றி எழுதியபோது துப்பறிகிறவருக்கு வைத்த பெயர் அது. தமிழிலும் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நூறாண்டுக்கு முன் இதே வேலையைத்தான் செய்தார்கள். அன்றைய பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள், சனங்கள் பக்கத்தைக் கிழித்துக் கிழித்துப் படித்தார்கள். இன்றும் நிலைமை அதுவே. இலக்கியம் பேசுகிற அன்பர்கள் இந்த நாவல்களை அலமாரியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தால் அலமாரிக்குப் பூட்டே தேவையிருக்காது என்று சொல்லிவிட்டேன்.

என் நோட்டில் பெயரே இல்லாத ஒருவர்தான் எனக்குத் தெரிந்தவரில் மிக நுட்பமான வாசகர். பெகுவுக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து வந்து பேரன் வீட்டில் இருக்கும் பாட்டி. எழுத்துக் கூட்டவும் தெரியாது. பேரன் பெயரில் புத்தகம் போகும், அவன் சத்தமாகப் படிக்க வேண்டும், பாட்டி கேட்பார். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள். வேறு எதைக் கொடுத்தாலும் முதல் பக்கத்திலேயே, "இது கேட்கிறதற்கு எழுதியது இல்லை" என்று தள்ளிவிடுவார். அந்தத் தீர்ப்பு தப்பியதில்லை. ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நல்லதங்காள் கிணற்றங்கரைக்கு வந்துவிட்டாள். பேரனுக்குப் பந்தாட்டத்துக்கு நேரமாகிவிட்டது. இரண்டு பிள்ளைகளை ஒரே மூச்சில் சேர்த்துத் தள்ளிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினான். பாட்டி வெற்றிலையை இடிப்பதை நிறுத்திவிட்டு, "ஒவ்வொன்றாகப் போடு. பெற்றவளுக்கு அவசரம் இல்லை, உனக்கு என்ன?" என்றார். பையன் வாயை மூடிக்கொண்டு பழைய பக்கத்துக்குத் திரும்பினான். கதையில் வேகம் எங்கே குறைய வேண்டும் என்பது தெரிந்த பதிப்பாசிரியர்கள்கூட அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள்.

சரித்திர நாவல் வாசகர்கள் ஒரு பெரிய கூட்டம். இங்கே அதற்கு ஒரு காரணமும் உண்டு. 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு நம் ஆட்கள் லட்சக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். மிஞ்சியவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பத்திரிகையும் புத்தகமும் அரிதாகிவிட்டன. முன்பே வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து வைத்திருந்த குடும்பங்கள்தான் நூலகம் என்று ஆயின. 1950 முதல் 1954 வரை வந்த கல்கியின் பொன்னியின் செல்வன், மணியத்தின் படங்களோடு அப்படித் தைத்த கட்டு ஒன்று எங்களிடம் வந்து சேர்ந்தது. நடுவில் சில வாரங்கள் இல்லை. இல்லாத வாரங்களில் என்ன நடந்தது என்பதை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். கடல் தாண்டியே அறியாத ஒரு மோட்டார் மெக்கானிக், வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வந்ததைத் தன் தெருவில் நடந்ததுபோல் விவரிப்பார்.

அவரிடம்தான் ஒன்று கவனித்தேன். ஐந்தாம் பாகம் முடித்ததும் சிலர், "இதே மாதிரி இன்னொன்று கொடுங்கள்" என்பார்கள். சிலர், "இதில் எது நிஜமாக நடந்தது?" என்பார்கள். இரண்டும் இரண்டு திசை. முதல் கேள்விக்காரருக்கு ராஜா, ராணி, சுரங்கப்பாதை உள்ள எதைக் கொடுத்தாலும் போதும். இரண்டாம் கேள்விக்காரருக்கு இனி நாவல் ருசிக்காது. மெக்கானிக் இரண்டாம் ரகம். பர்மாவின் பழைய தலைநகரான பாகனில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் பற்றிய ஒரு கட்டுரையை அவரிடம் கொடுத்தேன். மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டணத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், புக்கம் என்னும் பாகனில் இருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு ஒரு மண்டபம் எடுத்து, கதவு இட்டு, எரிவதற்கு ஒரு விளக்கும் கொடுத்தார் என்கிறது கல்வெட்டு. போர் இல்லை, காதல் இல்லை, ஒரு கதவும் ஒரு விளக்கும். மெக்கானிக் அந்தக் கட்டுரையை வாரக்கணக்கில் திருப்பித் தரவில்லை. இப்போது அவர் நாவல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

தன் ஊர், தன் கதை என்றால் எவருக்கும் பிடிக்கும் என்றொரு நம்பிக்கை உண்டு. அதையும் நான் நம்புவதில்லை. ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மா, 1942-ல் ஜப்பானியர் படையெடுத்தபோது பர்மாவிலிருந்து இந்தியாவுக்குத் தப்பிப்போனதைப் பற்றி 'எனது பர்மா வழிநடைப் பயணம்' எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள், "இங்கே எல்லாரும் இதைப் படித்திருப்பார்களே" என்கிறார்கள். உறவினர் பாதி வழியில் விழுந்துவிட, மேலே போக முடியாமல் திரும்பி வந்த குடும்பத்தில் பிறந்த ஓர் அம்மாளுக்கு அதைக் கொடுத்தேன். மறுநாளே கொண்டுவந்து வைத்தார். "தெரிந்ததுதானே. கல்யாணத்தில் முடிகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது, எடுத்துக்கொண்டு போனார். அவருடைய பேத்திதான் பயண நூலைப் பிறகு எடுத்து, ஒவ்வோர் ஊர்ப் பெயரையும் வரைபடத்தில் தேடிக்கொண்டிருக்கிறாள். பட்டவர்களுக்கு வேண்டியது வேறு, கேள்விப்பட்டவர்களுக்கு வேண்டியது வேறு.

முகல் தெருவில் மசாலாக் கடை வைத்திருக்கும் ஒரு பாயைப் பற்றியும் ஒரு வரி. சீறாப்புராணம் கேட்பார் என்று எடுத்து வைத்திருந்தேன். "அது வீட்டிலேயே இருக்கிறது, வாப்பா காலத்துப் பிரதி" என்று சொல்லிவிட்டுச் சிறுவர் அறிவியல் வரிசையில் திமிங்கிலத்தைப் பற்றிய புத்தகத்தை எடுத்தார். பிள்ளைக்கு என்று நினைத்தேன். அவருக்கேதான். நட்சத்திரம், எரிமலை, எறும்பு என்று அந்த வரிசையையே முடித்துவிட்டார்.

பிள்ளைகளைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், படிப்பது பர்மிய எழுத்தில். கந்த சஷ்டி கவசத்தைக்கூடப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் தமிழ் இலக்கியத்தின் பெருமையைப் பேசிப் பயனில்லை. ஒரு பக்கத்துக்கு நான்கு வரியும் பெரிய படமும் இருந்தால் உட்காருகிறார்கள். பத்து வயதுக்கு மூன்று வயதுப் பிள்ளையின் புத்தகம் கொடுப்பது அவமானம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். பிள்ளைகள் நினைப்பதில்லை.

நீங்கள் யாருக்காவது புத்தகம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், பிடித்ததைக் கேட்பதைவிட, எந்தப் புத்தகத்தை எந்த இடத்தில் மூடிவைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். அதில் யாரும் பொய் சொல்வதில்லை. வருணனை வந்ததும் வைத்துவிட்டேன் என்பவருக்கு உரையாடல் நிறைந்த கதை. ஆள் பெயர் குழம்பிவிட்டது என்பவருக்குச் சிறுகதை. 'எல்லாரும் கெட்டவர்களாக இருந்தார்கள்' என்று ஒருவர் சொன்னார். அவருக்குப் பக்தி நூல் கொடுத்துவிடாதீர்கள், நல்லவர் ஒருவராவது இருக்கிற குடும்ப நாவல் போதும்.

சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ரங்கூனுக்கு வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வரும்போது புதிய வருடத்துப் பஞ்சாங்கம், பெரிய எழுத்துக் கதைகள், பழைய மாத நாவல்கள் (கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு), பொன்னியின் செல்வன் நடுப் பாகங்கள் கொண்டுவாருங்கள். வெற்றிக்கு வழி சொல்லும் புத்தகங்கள் வேண்டாம். அவை ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன. கொடுத்தவர்களைத் தவிர இதுவரை யாரும் தொடவில்லை.